டீச்சர், போன் மக்கர் பண்ணுது: அறிகுறி வாரியாக ஒரு பிழை நீக்கும் வழிமுறை

நங்கநல்லூரில் நாங்கள் குடியிருக்கும் அடுக்ககத்தில் பன்னிரண்டு வீடுகள் இருக்கின்றன. அவற்றுள் எந்த வீட்டுப் போன் படுத்தாலும் அது முதலில் வந்து சேரும் இடம் என்னுடைய சாப்பாட்டு மேசைதான். பள்ளிக்கூடத்தில் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவள் என்பது மட்டுமே என் தகுதி. ஓம் விதி தெரிந்தவளுக்கு ஓடிபி வராத காரணமும் தெரிந்திருக்கும் என்று அண்டை வீட்டார் தாங்களாகவே முடிவு செய்துகொண்டார்கள். வருகிறவர்கள் எல்லோரும் "நான் ஒண்ணுமே பண்ணலை டீச்சர், அதுவாவே இப்படி ஆயிடுச்சு" என்றுதான் தொடங்குவார்கள். வகுப்பறையில் உடைந்த பீக்கரை வைத்துக்கொண்டு நின்ற பிள்ளைகளிடம் கேட்ட அதே வாக்குமூலம் என்பதால் முதலில் நான் நம்பவில்லை. இப்போது நம்புகிறேன். இந்தக் கருவிகளை வடிவமைப்பவர்கள் மனத்தில் வைத்திருக்கும் மனிதருக்குக் கை ஈரமாவதில்லை, உடம்பு வியர்ப்பதில்லை. அவர் குளிரூட்டிய அறையில் தனியாக வாழ்கிறார், அவருடைய போனை மாமியாரும் பேரனும் எடுத்து நோண்டுவதில்லை. அப்படிப்பட்ட ஒருவரைச் சென்னையில் நான் இன்னும் சந்திக்கவில்லை. கீழே உள்ள வழிமுறை, மற்றவர்களுக்கானது.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் இரண்டு காரியங்களைச் செய்துவிடுங்கள். போனின் உறையைக் கழற்றி வைத்துவிட்டு, உலர்ந்த பருத்தித் துணியால் முன்னும் பின்னும் துடையுங்கள். பிறகு போனை முழுவதுமாக அணைத்து, ஒரு நிமிடம் கழித்து மீண்டும் இயக்குங்கள். அணைத்து இயக்குவது கையாலாகாதவர்களின் வைத்தியம் என்று என் பேரன் கேலி செய்வான். ஆனால் நாள் கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும் போனில், மூடிவிட்டோம் என்று நாம் நினைக்கும் செயலிகள் பின்னால் இருந்துகொண்டு நினைவகத்தைப் பிடித்து வைத்திருக்கும், நெட்வொர்க் இணைப்பு ஏதோ ஒரு நிலையில் சிக்கிக்கொண்டிருக்கும். அணைத்து இயக்கும்போது இவை எல்லாம் துடைக்கப்பட்டுப் புதிதாகத் தொடங்குகின்றன. என்னிடம் வருகிற போன்களில் கணிசமானவை இந்தக் கட்டத்திலேயே குணமாகி வீடு திரும்பிவிடுகின்றன.

சார்ஜ் ஏறவில்லை, அல்லது சொருகிய வயர் நிற்காமல் விழுகிறது

வயர் முழுவதும் உள்ளே போகாமல் துருத்திக்கொண்டு நின்றால், துளைக்குள் பஞ்சு அடைத்திருக்கிறது என்று பொருள். சட்டைப் பையிலும் கைப்பையிலும் கிடக்கும் நூல் துணுக்குகள் துளைக்குள் போக, நாள்தோறும் வயரைச் சொருகும்போது நாமே அவற்றை அழுத்தி அழுத்தி ஒரு மெத்தையாக்கி விடுகிறோம். இரண்டாம் மாடி வீட்டு மாமியின் போனிலிருந்து எடுத்தது வெறும் பஞ்சு அல்ல. கோயிலில் கொடுத்த விபூதியைக் காகிதத்தில் மடித்துக் கைப்பையில் போன் இருக்கும் அறையிலேயே வைத்திருந்ததால், பஞ்சும் விபூதியும் கலந்து சுண்ணாம்புக் கட்டி போல இறுகியிருந்தது. போனை அணைத்துவிட்டு, மரத்தாலான பல்குச்சியைக் கொண்டு ஓரமாக மெல்லச் சுரண்டி வெளியே இழுக்க வேண்டும். டைப்-சி துளையின் நடுவே நாக்கு போன்ற ஒரு மெல்லிய தகடு இருக்கும், மின்தொடுப்புகள் எல்லாம் அதன்மேல்தான் இருக்கின்றன. ஊக்கு, ஹேர்பின், ஊசி ஆகியவற்றால் குத்தினால் அந்தத் தகடு போய்விடும், பிறகு பல்குச்சியாலும் பயனில்லை. வாயால் ஊதவும் வேண்டாம். அதில் காற்றை விட ஈரம்தான் அதிகம் போகிறது.

துளை சுத்தமாக இருந்தும் ஏறவில்லை என்றால், வேறு வயரையும் வேறு அடாப்டரையும் ஒன்றன்பின் ஒன்றாக மாற்றிப் பாருங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால் குற்றவாளி எது என்று கடைசி வரை தெரியாது; ஆய்வகத்தில் ஒரு முறைக்கு ஒரு மாறியை மட்டும் மாற்றச் சொல்வதும் இதற்காகத்தான். இங்கே என் மனத்தாங்கல் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 2020ஆம் ஆண்டில் ஐபோன் 12 வெளிவந்தபோது ஆப்பிள் நிறுவனம் பெட்டியில் அடாப்டர் வைப்பதை நிறுத்தியது. சுற்றுச்சூழலைக் காப்பாற்றுவதற்காக என்று காரணம் சொன்னது. மற்ற நிறுவனங்கள் சிலவும் அதே வழியில் சென்றன. அதன் விளைவு, எங்கள் அடுக்ககத்தில் ஒவ்வொரு வீட்டிலும் யாருடையது என்று தெரியாத அடாப்டர்கள் ஐந்தாறு இருக்கின்றன, வேகமாகச் சார்ஜ் ஏற்றக்கூடியது எது என்பதில் குடும்பத்துக்குள் வழக்கு நடக்கிறது.

சார்ஜ் பாதியில் நின்று போய், போன் கொதித்துக் கிடந்தால், அது பழுதே அல்ல, தன்னைக் காத்துக்கொள்கிறது. ஐபோனைப் பயன்படுத்த ஆப்பிள் பரிந்துரைக்கும் சுற்றுப்புற வெப்பம் 0 முதல் 35 டிகிரி வரை. இந்த எல்லையை எழுதியவர் மே மாதக் கத்திரி வெயிலில் கிண்டி மேம்பாலத்தில் ஸ்கூட்டரின் முன்புறம் போனை மாட்டிக்கொண்டு போனவராக இருக்க முடியாது. 2003ஆம் ஆண்டு மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது. அத்தனை வேண்டாம், சாதாரணமாக 38 டிகிரி அடிக்கும் நாளிலேயே போன் நம்மை விட்டு ஒதுங்கிக்கொள்கிறது. லித்தியம் அயான் பேட்டரிக்குச் சூட்டில் மின்னேற்றினால் உள்ளே நடக்கும் தேவையற்ற வேதிவினைகள் விரைவுபட்டு, அதன் ஆயுள் குறையும். எனவே உறையைக் கழற்றி, மின்விசிறிக்கு அடியில் குப்புற வைத்துவிட்டுக் காபி குடித்துவிட்டு வாருங்கள். குளிர்சாதனப் பெட்டிக்குள் வைக்காதீர்கள். சூடான கருவி சட்டென்று குளிரும்போது உள்ளே நீர்த்துளி படியும். இதை நான் சொல்லக் காரணம், தயிர்ப் பாத்திரத்துக்கும் கொத்தமல்லிக் கட்டுக்கும் இடையிலிருந்து ஒரு போனை எடுத்துக்கொண்டு வந்து "இப்ப சூடு இல்லை டீச்சர், ஆனா ஆன் ஆகலை" என்று ஒருவர் என் முன் நின்றிருக்கிறார்.

விரலை வைத்தால் திறக்க மறுக்கிறது; திரையைத் தொட்டால் பணிவதில்லை

இன்றைய தொடுதிரை நம் விரலின் மின்கடத்தும் தன்மையை வைத்துத்தான் தொட்ட இடத்தைக் கண்டுபிடிக்கிறது. தண்ணீரும் மின்சாரத்தைக் கடத்துவதால், ஈரக்கையோடு தொடும்போது ஒரு விரல் தொட்டதா பத்து விரல் தொட்டதா என்று திரைக்குக் குழப்பம் வந்துவிடுகிறது. பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போது வருகிற அழைப்பை எடுக்க முயன்று, அதை வெட்டி, அதற்குள் வேறொருவருக்கு வீடியோ அழைப்பையும் போட்டுவிடுவது இந்தக் காரணத்தால்தான். கையையும் திரையையும் துடைத்துக்கொள்வதைத் தவிர இதற்கு மருந்து கிடையாது.

கைரேகை விஷயம் வேறு. திரைக்கு அடியில் ரேகை பார்க்கும் போன்களில் பல, விரலுக்கு வெளிச்சம் அடித்து அதைப் படம் பிடிக்கின்றன. தெருமுனைக் கடையில் ஒட்டித் தருகிற தடித்த கண்ணாடி அந்தப் படத்தைக் கலங்கலாக்கி விடுகிறது. ஆகவே புதிய கண்ணாடி ஒட்டிய பிறகு, பழைய ரேகைப் பதிவை நீக்கிவிட்டுப் புதிதாகப் பதிவு செய்யுங்கள். ஒரே விரலை இரண்டு தனித்தனிப் பதிவுகளாக ஏற்றினால், போனுக்கு ஒப்பிட இரட்டிப்பு மாதிரிகள் கிடைக்கும்; ஒன்றைக் காலையில் குளித்து வந்தவுடனும், மற்றதை மாலையில் சமையல் முடித்த பிறகும் பதிவு செய்வது என் வழக்கம். செட்டிங்ஸில் தொடு உணர்திறனைக் கூட்டும் வசதி இருந்தால் அதையும் இயக்கி வையுங்கள்.

இவ்வளவும் செய்தும் திறக்காதவர்கள் இருக்கிறார்கள். வயதானவர்களுக்கும், காலமெல்லாம் கையால் உழைத்தவர்களுக்கும் ரேகை தேய்ந்திருக்கும். எங்கள் அடுக்ககத்துக்குத் துணி தேய்த்துத் தருகிற பெரியவரின் கட்டைவிரல், ரேஷன் கடை இயந்திரத்திலும் விழுவதில்லை, மகன் வாங்கித் தந்த போனிலும் விழுவதில்லை. அவருக்கு ஆறு இலக்க எண்ணைக் கடவுச்சொல்லாக வைத்துக் கொடுத்தேன். அதை யாரிடமும் சொல்லக் கூடாது என்று மூன்று முறை சொன்னேன். மறந்துவிடும் என்று பயந்து, அவர் அதை இஸ்திரி வண்டியின் உட்புறத்தில் சாக்கட்டியால் எழுதி வைத்திருக்கிறார். பாதுகாப்பு வல்லுநர்கள் என்னை மன்னிக்க வேண்டும்.

பேசினால் எதிர்முனையில் கேட்கவில்லை. அல்லது அவர்கள் பேசுவது நமக்குக் கேட்கவில்லை

போனைச் சந்தேகிக்கும் முன் புளூடூத்தைச் சந்தேகியுங்கள். அழைப்பை எடுத்து "ஹலோ, ஹலோ" என்று நீங்கள் கத்திக்கொண்டிருக்கும்போது, உங்கள் சம்பந்தி அம்மாளின் குரல் பக்கத்து அறையில் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருக்கும் பேரனின் காதுக்குள் போய்க்கொண்டிருக்கலாம். எங்கள் வீட்டில் அப்படி நடந்தது. நிச்சயதார்த்தத்துக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்ற முக்கியமான செய்தியை ஆறு வயதுக் குழந்தை முழுவதும் கேட்டுவிட்டு, "சரி பாட்டி" என்று ஒப்புதலும் கொடுத்துவிட்டான். திரையின் மேலிருந்து கீழே இழுத்துப் புளூடூத்தை அணைத்துவிட்டுப் பேசிப் பாருங்கள். கேட்டால், பிழை அங்கேதான்.

பழைய போனில் இந்தக் கூத்துக்கு இடமில்லை. காதுக்கருவியின் வயரை 3.5 மில்லிமீட்டர் துளையில் சொருகினால் ஒலி காதுக்கு வரும், உருவினால் போனுக்குத் திரும்பும். யாருக்கும் சந்தேகம் வராது. 2016இல் ஐபோன் 7 அந்தத் துளையை இழந்தது. அதன் பிறகு விலை உயர்ந்த போன்கள் ஒவ்வொன்றாக இழந்தன. துளையை எடுத்தவர்களே கம்பியில்லாக் காதுக்கருவியையும் விற்றார்கள் என்பதை மட்டும் குறிப்பிட்டுவிட்டு மேலே செல்கிறேன்.

புளூடூத் அணைந்திருந்தும் உங்கள் குரல் போகவில்லை என்றால், போனின் அடிப்பாகத்தில் உள்ள சிறு துளையைப் பாருங்கள், அது மைக். உறை அதை மூடுகிறதா, போனைப் பிடித்திருக்கும் உங்கள் சுண்டுவிரல் மூடுகிறதா என்று பார்த்துவிட்டு, மெல்லிய தூரிகையால் துடையுங்கள். சிம் தட்டை வெளியே எடுக்கும் துளையும் மைக் துளையும் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கின்றன. சிம்மை எடுப்பதாக நினைத்து மைக்குக்குள் குத்துகிறவர்கள் உண்டு. சிம் துளையைச் சுற்றி ஒரு தட்டின் விளிம்புக்கோடு தெரியும். கோடு தெரியாத துளைக்குள் எதையும் விடாதீர்கள்.

பேச்சின் நடுவே சத்தம் அடியோடு நின்றுவிடுகிறது என்றால், உங்கள் கன்னம் மியூட் பொத்தானை அழுத்தியிருக்கும். போன் காதருகே வந்ததும் திரையை அணைக்க வேண்டிய உணரி, மேலே ஒட்டிய கண்ணாடியாலோ முகத்துப் பவுடராலோ மறைந்து போயிருக்கலாம். மேல் விளிம்பைத் துடைத்தால் சரியாகும். வீட்டுக்குள் வந்தால் மட்டும் குரல் விட்டு விட்டுக் கேட்கிறது என்றால் காங்கிரீட் சுவர்தான் காரணம், குறிப்பாக 5ஜிக்குப் பயன்படும் உயர் அலைவரிசைகள் சுவரைத் துளைப்பதில் சோப்ளாங்கிகள். வீட்டில் வைஃபை இருந்தால், சிம் அமைப்பில் வைஃபை காலிங் என்பதை இயக்கிவிடுங்கள், அழைப்பு வைஃபை வழியாகப் போகும்.

"இடம் நிரம்பிவிட்டது" என்று போன் புலம்புகிறது

நூறு வீடுகளில் தொண்ணூற்றொன்பதில் இதற்குக் காரணம் ரோஜாப்பூ. காலை வணக்கம், இனிய வெள்ளி, பிரதோஷ நல்வாழ்த்து, தேநீர்க் கோப்பையின் மேல் பறக்கும் புறா ஆகியவை குடும்பக் குழு, பழைய மாணவர் குழு, நடைப்பயிற்சிக் குழு என்று எல்லா வழிகளிலும் வந்து, பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் போனில் சேமிக்கப்பட்டுவிடுகின்றன. ஒரே ரோஜா நான்கு குழுக்களில் வந்தால், உங்களுக்கு அது நான்கு ரோஜாவாகத் தெரியும்.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடுகிறேன். 128 ஜிபி என்று விற்ற போன், கணினியில் இணைத்தால் 119 ஜிபி என்று காட்டுவதை வைத்துக் கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று முறையிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர் ஏமாற்றவில்லை. தயாரிப்பாளர் ஆயிரத்தின் மடங்காக எண்ணுகிறார், கணினி 1024இன் மடங்காக எண்ணுகிறது. காய்கறிக்காரர் படியில் அளந்ததை நாம் வீட்டில் கிலோவில் நிறுப்பது போன்ற வேறுபாடுதான். அதற்கும் மேலே, போனின் இயக்கமுறைமையே ஒரு பங்கை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

வாட்ஸ்அப்பில் செட்டிங்ஸுக்குள் சென்று, ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா என்பதைத் திறந்து, மேனேஜ் ஸ்டோரேஜ் என்பதைத் தொடுங்கள். பலமுறை முன்னனுப்பப்பட்டவை ஓரிடத்திலும், 5 எம்பிக்கு மேற்பட்டவை ஓரிடத்திலும் தொகுத்து வைக்கப்பட்டிருக்கும். பெரும்பாலும் ஐந்து நிமிடத்தில் பல ஜிபி மீண்டுவிடும். பேரக்குழந்தையின் வீடியோவும் அந்தப் பெரிய கோப்புகளுக்கு நடுவில்தான் இருக்கும் என்பதால், எல்லாவற்றையும் தேர்ந்தெடுக்கும் பொத்தானை மட்டும் அவசரப்பட்டுத் தொடாதீர்கள். அடுத்து, அதே ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா பக்கத்தில் தானாகவே தரவிறங்குவதற்கான மூன்று வரிகள் இருக்கின்றன: மொபைல் டேட்டாவில், வைஃபையில், ரோமிங்கில். மூன்றிலும் படம், ஒலி, வீடியோ, ஆவணம் ஆகிய எல்லாக் குறிகளையும் எடுத்துவிட்டால், இனி நீங்கள் தொட்டுத் திறக்கும் ரோஜா மட்டுமே உள்ளே வரும்.

இந்த இடத்தில் எல்லோரும் குரலைத் தாழ்த்திக்கொண்டு ஒரு கேள்வி கேட்பார்கள்: "நான் டெலிட் பண்ணினா அத்தைக்குத் தெரியுமா?" தெரியாது. உங்கள் போனில் நீக்கினால் உங்கள் போனில் மட்டும்தான் போகும், அனுப்பியவருக்கு எந்தத் தகவலும் செல்லாது. குடும்ப உறவுகளைப் பொறுத்தவரை இந்தச் செயலியில் இருக்கும் மிகச் சிறந்த வசதி இதுவே என்று நான் கருதுகிறேன்.

போனில் இடம் இருந்தும், கூகுள் கணக்கில் இடம் இல்லை என்று மின்னஞ்சல் வந்தால் அது வேறு கணக்கு. இலவசமாகத் தருவது 15 ஜிபி. மின்னஞ்சல், டிரைவ், புகைப்படங்கள் மூன்றும் அதையே பங்கு போட்டுக்கொள்கின்றன. 2021 ஜூன் 1க்கு முன் பதிவேற்றிய சுருக்கிய படங்கள் அந்தக் கணக்கில் சேர்வதில்லை, அதற்குப் பிறகு பதிவேற்றியவை சேர்கின்றன. தமிழர் இல்லங்களில் முதலில் பழக்கப்படுத்திவிட்டுப் பிறகு காசு கேட்பவரைப் பற்றிச் சொல்ல ஒரு சொல் உண்டு, அதை இங்கே எழுதுவதற்கில்லை.

ஓடிபி வரவில்லை, பணம் போனது, ஆனால் கடைக்காரருக்குச் சேரவில்லை

ஓடிபி வராதபோது, அது எந்த எண்ணுக்குப் போகிறது என்று முதலில் பாருங்கள். கடைசி இரண்டு இலக்கங்கள் திரையிலேயே இருக்கும். பாதி நேரம் அது 2011இல் வீட்டுக்காரர் வைத்திருந்து, ரீசார்ஜ் செய்யாமல் விட்டுப்போன எண்ணாக இருக்கும். எண் சரி என்றால், குறுஞ்செய்திச் செயலியில் ஸ்பாம் என்று ஒதுக்கி வைத்த செய்திகளையும் திறந்து பாருங்கள். சிம் தொலைந்து புதிய சிம்மை நேற்றுதான் வாங்கினீர்கள் என்றால், முதல் 24 மணி நேரத்துக்குக் குறுஞ்செய்தி வசதி நிறுத்தி வைக்கப்பட்டிருக்கும். உங்கள் பெயரில் வேறொருவர் சிம் எடுத்து வங்கிக் கணக்கைத் துடைத்துவிடாமல் இருப்பதற்கான ஏற்பாடு அது. காத்திருப்பதுதான் வழி.

யுபிஐயில் கணக்கிலிருந்து பணம் கழிந்து, காய்கறிக் கடையின் ஒலிப்பெட்டி வாயைத் திறக்காவிட்டால், உடனே மறுபடியும் அனுப்பாதீர்கள். அந்த ஒலிப்பெட்டி பேசினால்தான் கடைக்காரர் நம்மை மனிதராக மதிக்கிறார் என்பது உண்மை. இருந்தாலும், செயலியின் வரலாற்றுப் பக்கத்தில் பரிவர்த்தனை நிலுவையில் இருக்கிறதா, தோல்வியா என்று பார்த்துவிட்டு, அதுவரை கையில் உள்ள ரொக்கத்தைக் கொடுங்கள். ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் வெளியிட்ட விதியின்படி, தனிநபருக்கு அனுப்பித் தோல்வியடைந்த யுபிஐ தொகை அடுத்த நாளுக்குள்ளும், வணிகருக்கு அனுப்பிச் சேராத தொகை ஐந்து நாளுக்குள்ளும் தானாகவே கணக்குக்குத் திரும்ப வேண்டும்; தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. முருங்கைக்காய் வாங்கிய 40 ரூபாய்க்கு 100 ரூபாய் இழப்பீடு கிடைத்தால் லாபம்தானே என்று முதல் மாடிக்காரர் கணக்குப் போட்டார். அவருக்கு இரண்டாம் நாளே 40 ரூபாய் திரும்பி வந்துவிட்டது. மனிதர் வருத்தத்தில் இருக்கிறார்.

ஒன்றைக் கேலி இல்லாமல் சொல்லிவிடுகிறேன். பணம் பெறுவதற்கு யுபிஐ பின் எண் தேவையே இல்லை. உங்களுக்குப் பணம் அனுப்புவதாகச் சொல்லிவிட்டுப் பின் எண்ணை அடிக்கச் சொல்கிறவர் திருடர். திருமண அழைப்பிதழ் என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் வருகிற ஏபிகே கோப்பும் அழைப்பிதழ் அல்ல; அது உங்கள் போனுக்குள் புகுவதற்கான செயலி. ஏமாந்துவிட்டோம் என்று தெரிந்த அந்த நிமிடமே இணையவழிப் பண மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணை அழையுங்கள். வீட்டில் யார் என்ன சொல்வார்களோ என்று யோசித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் பணம் நான்கு கணக்குகள் தாண்டிப் போய்விடும்.

வரைபடம் சுற்றிச் சுற்றி விடுகிறது

இந்த அறிகுறியை ஆராய எங்கள் வட்டாரத்தை விடப் பொருத்தமான இடம் கிடையாது, ஏனென்றால் கத்திப்பாரா மேம்பாலச் சந்திப்பு எங்களுக்கு அருகில் இருக்கிறது. வானில் குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் சமிக்ஞை கிடைத்தால் போன் தன் இடத்தைக் கணக்கிட்டுவிடும். ஆனால் அவை எல்லாம் நம் தலைக்கு மேலேயே இருப்பதால், நாம் கிழக்கே இருக்கிறோமா மேற்கே இருக்கிறோமா என்று சொல்வதை விட, எவ்வளவு உயரத்தில் இருக்கிறோம் என்று சொல்வதில் தவறு அதிகமாக வரும். கீழே ஒரு சாலை, மேலே வளைந்து செல்லும் பாலங்கள் என்று அடுக்கடுக்காக இருக்கும் இடத்தில், நீங்கள் எந்த அடுக்கில் இருக்கிறீர்கள் என்பதைப் போன் ஊகிக்கத்தான் செய்கிறது. பாலத்தில் ஏறாமலே ஏறிவிட்டதாக நினைத்து "இடப்புறம் திரும்புங்கள்" என்று அந்தப் பெண் சொல்லும்போது, இடப்புறத்தில் சுவர் இருக்கும். பக்கத்துக் கட்டடங்களில் பட்டுத் திரும்பும் சமிக்ஞையும் குழப்பத்தைக் கூட்டும்.

இடம் காட்டும் நீலப்புள்ளி தப்பான திசையைப் பார்த்தால், போனைக் கையில் பிடித்துக் காற்றில் 8 போல இரண்டு மூன்று முறை வரையுங்கள்; உள்ளே இருக்கும் காந்த உணரி சரியாகும். கிண்டி ரயில் நிலைய வாசலில் நின்று இதைச் செய்தால் யாரோ திருஷ்டி கழிக்கிறார்கள் என்று நினைத்து ஜனங்கள் வழி விடுவார்கள், அதுவும் ஒரு பயன். மெட்ரோ பணிக்காக நேற்றிரவு வைத்த தடுப்பு வரைபடத்துக்குத் தெரியாது. ஆட்டோ ஸ்டாண்டில் கேளுங்கள்.

போன் தண்ணீரில் விழுந்துவிட்டது

உடனே எடுத்து அணையுங்கள். சார்ஜில் போடாதீர்கள், பொத்தான்களை அழுத்திப் பரிசோதிக்காதீர்கள். உறையையும் சிம் தட்டையும் கழற்றி, துளை கீழ்நோக்கி இருக்கும்படி உள்ளங்கையில் மெல்லத் தட்டி, மின்விசிறிக் காற்றில் வையுங்கள். அரிசிப் பானைக்குள் புதைப்பது ஊரறிந்த வைத்தியம்தான். ஆனால் அரிசித் துகள் உள்ளே போய்க் கெடுதல் செய்யலாம் என்பதால் அப்படிச் செய்யாதீர்கள் என்று ஆப்பிள் நிறுவனமே 2024இல் எழுதி வைத்தது. பொன்னி அரிசியா பாஸ்மதியா என்ற கேள்விக்கும் இதுவே பதில்.

"ஐபி68 போட்டிருக்கே டீச்சர்" என்று மெரினாவில் அலையோடு செல்ஃபி எடுத்த பையன் கேட்டான். தூசியும் தண்ணீரும் புகாது என்கிற அந்தச் சான்று, அசையாத நல்ல தண்ணீரில், புதிய போனுக்கு, ஆய்வகத்தில் கொடுக்கப்பட்டது. உப்புத் தண்ணீர் உலோகத்தை அரிக்கும், உலர்ந்தாலும் உப்பு உள்ளே தங்கிவிடும். கடல்நீர் பட்டிருந்தால் வீட்டு வைத்தியத்தில் நாளைக் கடத்தாமல் பழுது பார்ப்பவரிடம் எடுத்துச் செல்லுங்கள். டிசம்பர் மழைக்கு ஒரு நல்ல பிளாஸ்டிக் உறை, எந்தச் சான்றையும் விட மேல்.

சில்லறை அறிகுறிகள்

பழைய தமிழ்க் கோப்பைத் திறந்தால் புரியாத குறிகளாகக் கொட்டுகிறது என்றால் போனில் குறையில்லை. அது, எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான யூனிகோடு எழுத்துக் குறியீட்டுக்கு முந்தைய எழுத்துருவில் அடிக்கப்பட்டது, எழுத்துரு மாற்றியில் போட்டு எடுக்க வேண்டும். தமிழில் தட்டெழுத ஆங்கில எழுத்துகள் வழியாகப் போய்த் தடுக்கி விழுகிறவர்கள், 1999இல் சென்னையில் நடந்த மாநாட்டை ஒட்டி உருவான தமிழ் 99 விசைப்பலகையை ஒரு வாரம் பழகிப் பாருங்கள். "வாழைப்பழம்" என்று நான் அடிக்க நினைத்ததை என் போன் "வாழ்க பலம்" என்று அனுப்பி, பூக்காரம்மா பதிலுக்கு வணக்கம் போட்ட நாளில் நான் மாறினேன்.

போன் திடீரென்று சைரன் போல அலறி, திரையில் பேரிடர் எச்சரிக்கை என்று வந்தால், அதைத் தூக்கி எறியாமல் படியுங்கள். 2023இல் நாடெங்கும் இதைச் சோதனை செய்தபோது எங்கள் மாடிப்படியில் மூன்று வீட்டார் ஒருவரையொருவர் முட்டிக்கொண்டார்கள். கைக்கடிகாரம் நடக்காத அடிகளைக் கணக்கில் சேர்க்கிறது என்றால், அது மணிக்கட்டின் அசைவைத்தான் எண்ணுகிறது என்பதை நினைவில் கொள்ளுங்கள். வேளச்சேரி வரை ஷேர் ஆட்டோவில் போய் வந்த என் தங்கையின் மருமகனுக்கு அன்றைய நடை இலக்கு நிறைவேறியதாகப் பட்டாசு வெடித்தது.

மேலே சொன்ன எதிலும் அடங்கவில்லை

அப்படியானால் என் மேசையில் வைக்காமல் பழுது பார்ப்பவரிடம் கொண்டு செல்லுங்கள். போவதற்கு முன் படங்களையும் தொடர்பு எண்களையும் பிரதி எடுத்துவிடுங்கள். *#06# என்று அழுத்தினால் வரும் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணை, அதாவது உங்கள் போனுக்கே உரிய அடையாள எண்ணை, காகிதத்தில் எழுதி வையுங்கள். போன் தொலைந்தால், காவல் துறையில் புகார் கொடுத்த பிறகு, தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி இணையதளத்தில் அந்த எண்ணைக் கொண்டுதான் போனை முடக்க முடியும். உத்தரவாதக் காலம் முடிந்திருந்தால், சென்னையில் மின்னணுக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் பேட்டரியோ திரையோ மாற்றிக்கொள்ளலாம். விலையை முதலிலேயே பேசி, கண்ணெதிரே பிரிக்கச் சொல்லி, பழைய பாகத்தைக் கையில் கேட்டு வாங்குங்கள். இரண்டு மூன்று ஆண்டு ஆன போன் மதியத்துக்குள் களைத்துவிடுகிறது என்றால் பெரும்பாலும் பேட்டரியை மாற்றினால் போதும். புதிய போன் வாங்கியே தீர வேண்டும் என்று போனே விளம்பரம் காட்டுவதை ஓர் அறிகுறியாக நான் ஏற்பதில்லை.

என் அண்ணன் ஏற்றார். போன மாதம் மடக்கி விரிக்கும் போன் ஒன்றை, விலையைச் சொல்ல மறுத்துவிட்டு வாங்கிவந்தார். நேற்று மாலை அதை எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்து, "பாதித் திரை மங்கலா இருக்கும்மா" என்றார். உறையைக் கழற்றச் சொன்னேன். உறைக்கு உள்ளே, மடிக்கும் இடத்தின் மேல், அண்ணி வைத்திருந்த திருநள்ளாறு பிரசாதப் பொட்டலத்தின் சந்தனம் பாதி மடிப்பிலும் மீதி உள்திரையிலும் ஒட்டிக் காய்ந்திருந்தது. மென்மையான துணியால், அழுத்தாமல், இருபது நிமிடம் துடைத்தேன். மங்கல் போய்விட்டது. அவர் போனை விரித்தும் மடக்கியும் பார்த்துக்கொண்டே கிளம்பிவிட்டார். உறையை மேசையிலேயே விட்டுவிட்டார். இதோடு இங்கே எட்டு உறைகள் சேர்ந்திருக்கின்றன. உரியவர்கள் மாலை ஐந்து மணிக்கு மேல் வந்து எடுத்துக்கொள்ளலாம்.